கண்ணாடிப் பெட்டியில தேனீக் கூட்டம்: மூணாவது தடவைதான் நின்னுச்சு

நேத்து சாயங்காலத்தோட 61 நாள். ரெண்டே ரெண்டு சட்டம் (ஈ அடை கட்டுற மரச்சட்டம்) புடிக்கிற கண்ணாடிப் பெட்டிக்குள்ள நம்ம நாட்டு இனமான அடுக்குத் தேனீக் கூட்டம் ஒண்ணு 61 நாள் ராணியோட, முட்டையோட, புழுவோட ஒழுங்கா இருந்துச்சு, அப்புறம் நானேதான் இருட்டினதும் அதைப் பெரிய பெட்டிக்கு மாத்தினேன். இதுக்கு முன்னாடி ரெண்டு தடவை வச்சு ரெண்டு தடவையும் கூட்டம் கையை விட்டுப் போயிடுச்சு. நோட்டு முழுக்க கணக்கு எழுதி வச்சிருக்கேன், மறக்கிறதுக்குள்ள எழுதிடணும்னு உக்காந்துட்டேன்.

தேனுக்காக இதை ஆரம்பிக்கல. ஒரு பெட்டிக்குள்ள ஆயிரக்கணக்கான ஈ இருக்கு, மேஸ்திரி கிடையாது, ராணின்னு பேர் இருக்கிற ஈ முட்டை போடுறதைத் தவிர யாருக்கும் ஒரு வேலையும் சொல்றதில்ல, ஆனா குழந்தைக்கு சோறு ஊட்ட ஆள் இருக்கு, வாசல்ல காவல் இருக்கு, குப்பை அள்ள ஆள் இருக்கு. இதை யாரு பிரிச்சுக் குடுக்குறாங்கன்னு கண்ணால பாக்கணும்னு ஆசை. சாதாரணப் பெட்டியைத் திறந்தா நாம பாக்குறது கலைஞ்சு போன கூட்டத்தைத்தான், வெளிச்சமும் புகையும் பட்டதும் எல்லாம் செய்யுற வேலையை விட்டுட்டு ஓடும். அதான் கண்ணாடி.

முதல் பெட்டி. 12 மில்லிமீட்டர் பிளைவுட், ரெண்டு பக்கமும் 3 மில்லிமீட்டர் அக்ரிலிக் ஷீட், நடுவுல ஒரே ஒரு சட்டம். அக்ரிலிக் உடையாது, வெட்டுறது சுலபம்னு எடுத்தேன், அது முதல் தப்பு. உள் அகலம் 50 மில்லிமீட்டர் வச்சேன், ஈக்கு தாராளமா இடம் இருக்கட்டும்னு நினைச்சு, அது ரெண்டாவது தப்பு, இதுதான் பெருசும்கூட. மூணு நாள்ல அடைக்கும் அக்ரிலிக்குக்கும் நடுவுல இருந்த இடத்துல குட்டிக் குட்டியா புது அடை கட்ட ஆரம்பிச்சுடுச்சு, அதுவும் நேரா ஷீட்டுலயே ஒட்டி. நான் பாக்க வேண்டிய இடமெல்லாம் மெழுகால மூடிப்போச்சு. கூட்டம் குடுத்த அக்கா ஒரு நாள் வந்து பாத்துட்டு முதல் கேள்வியே, "ஏன் தம்பி, கண்ணாடியை இவ்வளவு தள்ளி வச்சிருக்க? ஈ போற வழி எவ்வளவுன்னு அளந்தியா?"ன்னாங்க. அளக்கல.

ஈ நடக்க விடுற சந்துக்கு ஒரு அளவு இருக்கு. லாங்ஸ்ட்ராத்னு ஒரு அமெரிக்கப் பாதிரியார் 1851ல இதைக் கவனிச்சுத்தான் கழட்டி மாட்டுற சட்டம் வச்ச பெட்டியையே உருவாக்கினார். சுமார் 6லேர்ந்து 9 மில்லிமீட்டர் வரைக்கும் இருந்தா அதை நடைபாதையா விட்டுரும், அதுக்கு மேல போனா அடை கட்டி நிரப்பிடும். எல்லாப் பெட்டியும் இந்த அளவை நம்பித்தான் நிக்குது, நானும் அந்தப் பெட்டிகளைத்தான் பாத்துப் பழகியிருக்கேன், ஆனா கண்ணாடின்னு வந்ததும் அது மறந்துபோச்சு.

இதோட சூடு வேற. மத்தியானம் பெட்டி மேல்பக்கம் தெர்மாமீட்டர் 39 டிகிரி காட்டுச்சு. புழு வளர்ற இடத்தை ஈ 34, 35 டிகிரியில வச்சுக்கத்தான் பாடுபடும், அதனால பாதிக் கூட்டம் வாசல்ல நின்னு றெக்கையால காத்து வீசிக்கிட்டே இருந்துச்சு. அக்ரிலிக் சூட்டுல லேசா வெளிப்பக்கம் வளைஞ்சுடுச்சு, அதனால ஏற்கெனவே அகலமா இருந்த சந்து இன்னும் அகலமாச்சு. திரையும் போடல, பகல் முழுக்க வெளிச்சம். 6ஆவது நாள் பாத்தா புதுசா முட்டை இல்ல, மகரந்தம் கொண்டு வர்ற ஈயும் குறைஞ்சிருந்துச்சு. எனக்கு அது என்ன அறிகுறின்னு அப்போ தெரியல. 9ஆவது நாள் காலைல 10 மணி வாக்குல மொத்தக் கூட்டமும் வெளிய வந்து வட்டமடிச்சுட்டுப் போயிடுச்சு, கால் மணி நேரம்கூட ஆகல. இத்தாலியத் தேனீயைவிட அடுக்குத் தேனீக்கு இடம் புடிக்கலன்னா விட்டுட்டுப் போற பழக்கம் ரொம்ப ஜாஸ்தி. முட்டை நின்னு, மகரந்தமும் நின்னா கிளம்பத் தயாராகுதுன்னு அர்த்தம், அந்தக் கட்டத்துலயே பழைய பெட்டிக்கு மாத்தியிருந்தா காப்பாத்தியிருக்கலாம்.

ரெண்டாவது பெட்டிக்கு முன்னாடி வெர்னியர் (தடிமனை நுணுக்கமா அளக்குற கருவி) எடுத்து பழைய அடைகளை அளந்தேன். புழு இருக்கிற பகுதியில அடையோட தடிமன் 21 மில்லிமீட்டர் வந்துச்சு, ரெண்டு பக்கமும் 8, 8 விட்டா மொத்தம் 37. இத்தாலியத் தேனீ வச்சிருக்கிறவங்களுக்கு இது பத்தாது, அவங்க அடை தடிமன் ஜாஸ்தி, 45 பக்கம் போகணும். அக்ரிலிக்கை விட்டுட்டு 4 மில்லிமீட்டர் கண்ணாடி, ஓரத்தை உப்புத்தாள் போட்டு மழுங்க வச்சது. மேல ரெண்டு, கீழ ரெண்டு காத்து ஓட்டை, 2 மில்லிமீட்டர் வலை. ரெண்டு பக்கமும் கதவு மாதிரி மூடுற பலகை, உள்பக்கம் தெர்மோகோல் ஒட்டினது, பாக்குறப்ப மட்டும் திறக்கணும்.

அளவெல்லாம் சரியா அமைஞ்சுடுச்சு. ஆனா கண்ணாடியைப் பள்ளத்துல தள்ளிவிடுற மாதிரி வச்சிருந்தேன், மேலேர்ந்து இறக்குறப்ப சட்டத்து ஓரத்துல ஈ இருக்கான்னு பாக்க முடியாது. மெதுவாத்தான் தள்ளினேன். அந்த ஓரத்துல ராணி இருந்திருக்கு.

நசுங்கினது எனக்கு அப்போ தெரியாது. ஆனா கூட்டத்துக்கு அன்னைக்கு சாயங்காலமே தெரிஞ்சுடுச்சு. வழக்கமான இரைச்சல் இல்ல, ஏறி இறங்கி ஒரு மாதிரி நீண்ட சத்தம், ஈயெல்லாம் அடை மேல காரணமில்லாம அங்கயும் இங்கயும் ஓடிக்கிட்டு. மாத்தி வச்சதுல பதட்டமா இருக்குன்னு நான் நினைச்சேன். ராணி உடம்புலேர்ந்து வர்ற வாசனைப் பொருளைச் சுத்தி நிக்கிற ஈங்க நக்கி, மீசையால தொட்டு, ஒண்ணுலேர்ந்து ஒண்ணுக்கு கூடு முழுக்க கடத்திக்கிட்டே இருக்கும், அது நின்னா சில மணி நேரத்துலயே தெரிஞ்சுடும். இளம் புழு, அதாவது பொரிச்சு மூணு நாளைக்குள்ள இருக்கிற புழு இருந்திருந்தா அதுலயே ஒண்ணை எடுத்து புது ராணி வளர்த்திருக்கும். நான் எடுத்து வச்ச சட்டத்துல எல்லாம் மெழுகால மூடின கூட்டுப்புழு அறையும் பெரிய புழுவும்தான். வழியே இல்ல.

பத்து நாள் போல ஆனதும் அறைகள்ல முட்டை பாத்தேன். அவ்வளவு சந்தோஷம், ராணி எங்கயோ ஒளிஞ்சிருக்குன்னு நினைச்சு அக்காவுக்கு போன் போட்டேன். அவங்க ஒரே கேள்விதான் கேட்டாங்க: "ஒரு அறைக்கு எத்தனை முட்டை?" டார்ச் அடிச்சு எண்ணினா மூணு, நாலு, ஒண்ணுல அஞ்சு. அதுவும் அறையோட அடியில இல்ல, பக்கச் சுவத்துல சாஞ்சு ஒட்டியிருந்துச்சு. ராணி இல்லாததால வேலைக்கார ஈங்களே முட்டை போட ஆரம்பிச்சிருக்கு. வேலைக்கார ஈயோட வயிறு குட்டை, அறையோட அடி வரைக்கும் எட்டாது, அதான் சுவத்துல ஒட்டிட்டுப் போகுது. இணை சேராத ஈ போடுற முட்டை ஆண் ஈயாத்தான் வரும், கொஞ்ச நாள்ல வேலைக்கார அறைகள் எல்லாம் புடைச்சு, மூடியோட உச்சியில ஒரு சின்ன ஓட்டையோட நின்னுச்சு, அந்த ஓட்டை அடுக்குத் தேனீயோட ஆண் அறைக்கே உள்ள அடையாளம்.

அந்தக் கூட்டம் இனி தேறாதுன்னு தெரிஞ்சப்புறம், சும்மா சாக விடாம ஒண்ணு செஞ்சு பாத்தேன். ராணி இருக்கிறப்ப வேலைக்கார ஈ திருட்டுத்தனமா முட்டை போட்டா, மத்த வேலைக்கார ஈங்களே அதைத் தேடித் தின்னுரும்னு ரட்னீக்ஸ், விஷர்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்ங்க 1989ல காட்டியிருக்காங்க. அதை நாமளும் பாக்கலாம்னு என்னோட அடைலேர்ந்து 40 முட்டை இருக்கிற துண்டு (அறைக்கு ஒண்ணு விட்டு மீதியை மெல்லிய குச்சியால எடுத்துட்டேன்), அக்காவோட வேற ஒரு கூட்டத்துலேர்ந்து ராணி போட்ட 40 முட்டை இருக்கிற துண்டு, ரெண்டையும் ராணி நல்லா இருக்கிற மூணாவது கூட்டத்துல ஒரே சட்டத்துல பக்கத்துப் பக்கத்துல பதிச்சு வச்சோம். மறுநாள் அதே நேரம் எடுத்துப் பாத்தா வேலைக்கார முட்டை 2 மிச்சம், ராணி முட்டை 23 மிச்சம். ராணி முட்டையும் 17 போயிருக்குன்னா நான் வெட்டி எடுத்து ஒட்டினதுல கெட்டதும் அதுல இருக்கணும். ஒரே ஒரு தடவை செஞ்சது, ரெண்டு துண்டும் ஒரே வயசு முட்டைதான்னும் உறுதி கிடையாது. ஆனா அந்த 2ஐப் பாத்தப்ப எனக்குப் பேச்சு வரல.

ஏன் அப்படிச் செய்யுதுங்கிறதை ரெண்டு வரியில சொல்லிடறேன். ஆண் ஈக்கு அப்பா கிடையாது, கருவுறாத முட்டைலேர்ந்து வர்றது. இதனால ஒரே அப்பாவுக்குப் பொறந்த அக்கா தங்கச்சிங்களுக்குள்ள நாலுல மூணு பங்கு மரபணு பொதுவா இருக்கும், அதனாலதான் தனக்குப் புள்ளை வேண்டாம்னு தங்கச்சியை வளர்க்குதுங்கன்னு 1964ல ஹாமில்டன்னு ஒரு உயிரியலாளர் கணக்கு போட்டார். ஆனா தேனீ ராணி ஒரு ஆணோட நிக்காது, பத்து, இருபதுன்னு சேரும், அதனால கூட்டுல பாதிக்கு மேல அப்பா வேற வேறன்னு ஆகிடும், அப்போ ஒரு வேலைக்கார ஈக்கு இன்னொரு அக்காவோட மகனைவிட அம்மா பெத்த மகன்தான் நெருங்கின சொந்தம். முட்டையைத் தின்னுறது அந்தக் கணக்குல வருது. நாலுல மூணுங்கிறதை மட்டும் வச்சு எல்லாத்தையும் விளக்கவும் முடியாது, கரையான்ல ஆணும் பொண்ணும் ரெண்டுமே அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்டேர்ந்தும் மரபணு வாங்குறவைதான், ராணியோட ராஜாவும் உள்ளயே இருக்கு, வேலைக்காரங்கள்ல ஆணும் உண்டு, அதுவும் இதே மாதிரி பெரிய சமூகமாத்தான் வாழுது.

மூணாவது தடவை. பெட்டி அதேதான், கண்ணாடி மாட்டுற விதத்தை மட்டும் மாத்தினேன்: பள்ளம் வேண்டாம், கண்ணாடியை மரச்சட்டத்துல ஒட்டி கீல் போட்டு கதவு மாதிரி ஆக்கிட்டேன். மூடுறப்ப ஓரமெல்லாம் கண்ணுக்குத் தெரியும், ஈ இருந்தா வாத்து இறகால தள்ளிட்டு மூடலாம். 18ஆம் நூற்றாண்டுல ஜெனீவாவுல பிரான்சுவா யூபர்னு ஒருத்தர் இருந்தார், பார்வை போனவர், உதவியாளர் பர்னென்ஸ் பாத்துப் பாத்துச் சொல்ல இவர் கேள்வி கேட்டுக்கிட்டே தேனீயைப் பத்தி அவ்வளவு கண்டுபிடிச்சார், அவர் செஞ்ச பெட்டி புத்தகம் மாதிரி ஏடு ஏடா விரியும். கீல் போடுற யோசனை அதைப் படிச்சப்புறம்தான் வந்துச்சு.

சட்டம் ரெண்டு, ஒண்ணு மேல ஒண்ணு. கீழ் சட்டத்துல முட்டை, இளம் புழு, மூடின அறை மூணும் இருக்கணும், ராணிக்கு ஏதாவது ஆனாலும் வழி இருக்கும். மேல் சட்டத்துல தேனும் மகரந்தமும். வாசல்லேர்ந்து வெளிய போக 30 மில்லிமீட்டர் உள் அகலம் உள்ள கண்ணாடி மாதிரி குழாய், நீளம் 40 சென்டிமீட்டர், வழுக்காம இருக்க உள்ள அடிப்பக்கம் ஒரு துண்டு துணி நாடா. முதல் வாரம் சர்க்கரையும் தண்ணியும் சம எடை கலந்து தலைகீழ் பாட்டில்ல. மூடுற பலகையைத் திறந்து கண்ணாடி வழியா பாக்குறது முதல் நாலு நாள் ராத்திரி மட்டும், சிவப்பு விளக்குல. தேனீக்கு சிவப்பு தெரியாது, நமக்கு வெளிச்சம் அதுக்கு இருட்டு. 5ஆவது நாள் ராணியைச் சுத்தி எட்டு, பத்து ஈ முகத்தை அது பக்கம் திருப்பி வட்டமா நிக்கிறதைப் பாத்தேன், அப்பதான் மூச்சு விட்டேன்.

அடுத்து புள்ளி வைக்கிறது. வளர்ந்த ஈயைப் புடிச்சு வைக்கப் போய் முதல் நாள் 12 ஈயில 4 செத்துப்போச்சு, நிறுத்திட்டேன். அப்புறம் வேற வழி: பொரியப் போற மூடின அறைங்க இருக்கிற அடையை ராத்திரி 34 டிகிரி வச்ச பெட்டியில வச்சா காலைல புது ஈங்க வெளிய வந்திருக்கும். சாம்பல் நிறமா, பஞ்சு மாதிரி, பறக்கவும் தெரியாது கொட்டவும் கொட்டாது. தண்ணியில கரையுற பெயிண்ட் பேனாவால முதுகுல ஒரு புள்ளி, ஊசி முனை அளவுதான், பெருசா வச்சா றெக்கை மூட்டுல ஓடிப்போய் ஒட்டிக்கும். 6ஆவது நாள் வெள்ளை 60, 11ஆவது நாள் மஞ்சள் 60, 16ஆவது நாள் நீலம் 60. ஒவ்வொரு தொகுதியையும் சாயங்காலம் மேல் ஓட்டை வழியா உள்ள விட்டேன், ஒண்ணைக்கூட வெளிய தள்ளல, புதுசா பொறந்ததுக்கு இன்னும் வாசனை ஒட்டாததால எந்தக் கூடும் சேத்துக்கும்.

தேனீ நடனத்தை ஆராய்ஞ்ச கார்ல் ஃபான் ஃபிரிஷ் ஈ முதுகுல அஞ்சு நிறத்தை இடம் மாத்தி வச்சே 599 வரைக்கும் நம்பர் போட்டிருக்கார். எனக்கு ஒவ்வொரு ஈக்கும் நம்பர் போட கை வரல, வயசு தெரிஞ்சா போதும்னு விட்டுட்டேன். அதைத்தான் இப்போ ரொம்ப வருத்தப்படுறேன், கீழ சொல்றேன்.

ஒரு நாளைக்கு மூணு தடவை, கண்ணுல படுற புள்ளி ஈ ஒவ்வொண்ணும் அந்த நொடி என்ன செய்யுதுன்னு மட்டும் எழுதறது. முதல் ரெண்டு மூணு நாள் வெள்ளைங்க எல்லாம் காலி அறைக்குள்ள தலையை விட்டு சுத்தம் செஞ்சுக்கிட்டு இருந்துச்சு. பொறந்து 5 நாளுக்கு அப்புறம் புழு இருக்கிற அறையில தலை விட ஆரம்பிச்சுது, ஒரு நொடி எட்டிப் பாத்துட்டு நகர்ந்தா பாத்தது, ரொம்ப நேரம் அசையாம நின்னா ஊட்டுறதுன்னு பிரிச்சு எழுதினேன். 12 நாள் தாண்டினதும் புழுப் பக்கம் குறைஞ்சு மேல் சட்டத்துக்கு ஏறிடுச்சு, வெளியேர்ந்து வர்ற ஈகிட்ட வாயோட வாய் வச்சு தேன்துளி வாங்குறது, மகரந்தத்தை அறையில தலையால முட்டி அழுத்துறது. வாசல்ல காவலுக்கு ஒரு சிலதுதான் நின்னுச்சு. காலுல மகரந்தத்தோட முதல் வெள்ளையைப் பாத்தது அதோட 17ஆவது வயசுல. புத்தகத்துல போட்டிருக்கிற வரிசைதான், ஆனா ஒரே நாள் பொறந்த 60ம் ஒரே நாள்ல வேலை மாத்தல, சிலது 20 நாளாகியும் புழுவை விட்டு வரவே இல்ல.

எதிர்பாக்காதது இன்னொண்ணு. மொத்தம் 2,140 குறிப்பு எழுதியிருக்கேன், அதுல 1,190ல ஈ ஒண்ணுமே செய்யல. சும்மா நிக்குது, இல்லன்னா நடக்குது. முதல்ல நான் சரியா பாக்கலையோன்னு நினைச்சேன். லிண்டவர்னு ஃபிரிஷோட மாணவர் 1950கள்ல ஒரே ஒரு ஈயை, 107ன்னு நம்பர் போட்டது, அதோட வாழ்க்கை முழுக்க 170 மணி நேரத்துக்கும் மேல உக்காந்து பாத்திருக்கார். அதுலயும் மூணுல ரெண்டு பங்குக்கு மேல ஓய்வும் சும்மா சுத்துறதும்தான். ஆனா அந்தச் சுத்துறது வெட்டி இல்ல. என் கண்ணாடியில தெளிவா தெரிஞ்சது அது: நடந்துக்கிட்டே போற ஈ அறை அறையா தலையை விட்டுப் பாக்குது, எங்க பசிச்ச புழு இருக்கோ அங்க நின்னுடுது. யாரும் அனுப்பல, வழியில கிடைச்ச வேலையை எடுத்துக்குது.

இதை இன்னும் அழுத்திப் பாக்கணும்னு 24, 25ஆவது நாள் காலைல வெளிய போற ஈங்களை குழாய்லயே மறிச்சு 160 புடிச்சேன். வலைப் பெட்டியில சர்க்கரைப் பாகு வச்சு இருட்டான இடத்துல 5 நாள். கூட்டுல வெளிவேலை பாக்குறது திடீர்னு குறைஞ்சுபோச்சு. மறுநாளே மஞ்சள் வெளிய போச்சு, 14 நாள் வயசு, அது எப்படியும் போற கட்டம்தான்னு விட்டேன். 27ஆவது நாள் மத்தியானம் நீலப் புள்ளி ஒண்ணு ரெண்டு காலுலயும் மகரந்தத்தோட குழாய்ல வந்துச்சு, வயசு 11. அன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள நீலம் 4 எண்ணினேன். அதே வயசுல வெள்ளை ஒண்ணுகூட வாசல் பக்கம் வரல. வெளிய போற வயசான ஈங்க உடம்புல எதைல் ஓலியேட்னு ஒரு பொருள் இருக்கு, அது இளசுங்களுக்குப் போய்ச் சேருற வரைக்கும் அதுங்க வளர்ச்சி தள்ளிப்போகும், கிழடுங்க இல்லாம போனா அந்தத் தடை விலகி இளசுங்க சீக்கிரம் வெளிய கிளம்பும்னு 2004லயே கண்டுபிடிச்சிருக்காங்க. எனக்கு வேதியியல் தெரியாது, ஆனா அந்த 11 நாள் நீலப் புள்ளியை என் கண்ணால பாத்தேன். புடிச்சு வச்ச 160ல 31 செத்துப்போச்சு. மிச்சத்தை 30ஆவது நாள் இருட்டுறப்ப திருப்பி விட்டேன், காவல் ஈங்க மோந்து பாத்து பெரும்பாலும் உள்ள விட்டுருச்சு. 31ங்கிறது என்னை உறுத்துது, அடுத்த தடவை 60க்கு மேல புடிக்க மாட்டேன், 3 நாளே போதும்.

தீனி எங்க இருக்குன்னு ஈ கூட்டுக்குள்ள ஆடிக் காட்டுற நடனத்தைப் படிக்கிறதுக்குத்தான் ரொம்ப நாள் போச்சு. தட்டுல பாகு வச்சு வாசல்லயே ஆரம்பிச்சு, ஈ கூடுறப்ப 2 மீட்டர், 5, 10ன்னு நகர்த்தி, அப்புறம் 20 மீட்டர் தாண்டல்ல 300 மீட்டர் கொண்டு போக ரெண்டரை நாள். சம எடைப் பாகுக்கு தட்டுக்கு வந்துச்சு, ஆனா கூட்டுக்குப் போய் ஆடல. சர்க்கரை ரெண்டு பங்கு தண்ணி ஒரு பங்குன்னு மாத்தினதும் கால் மணி நேரத்துல ஆட்டம். கொண்டு வந்த சரக்கு நல்லா இருந்தாத்தான் சொல்லும்போல. தட்டுல 14 ஈக்கு பச்சைப் புள்ளி வச்சேன்.

ஆட்டம் இப்படி: அடை மேல ஒரு நேர்கோட்டுல வயித்தை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டிக்கிட்டே ஓடும், வலப்பக்கம் சுத்தித் திரும்பி வந்து மறுபடி அதே கோடு, அடுத்து இடப்பக்கம் சுத்தி. அந்தக் கோடு நேர் மேல போனா சூரியன் இருக்கிற திசையிலயே போகணும், மேல் திசைலேர்ந்து 70 டிகிரி வலப்பக்கம் சாஞ்சா சூரியனுக்கு 70 டிகிரி வலப்பக்கம். கோடு ஓடுற நேரம் தூரத்தைச் சொல்லும். நான் அளக்க வச்சிருந்தது ஒரு பிளாஸ்டிக் கோணமானி, போன்ல 240 ஃப்ரேம் ஸ்லோமோஷன், சூரியத் திசைக்கு தரையில நட்ட ஒரு குச்சியோட நிழல்.

முதல் நாள் கணக்குப்படி தட்டு இருக்க வேண்டிய இடம் சூரியனுக்கு மறுபக்கம் வந்துச்சு. எல்லா ஆட்டமும் இடப்பக்கம் சாயுது, தட்டு வலப்பக்கம் இருக்கு. ரெண்டு மணி நேரம் குழம்பினேன். பெட்டியோட பின்பக்கம் சுவர் ஒட்டி இருக்குன்னு அந்தப் பக்கத்தைப் பாக்க ஒரு முகக்கண்ணாடி வச்சிருந்தேன், நான் வீடியோ எடுத்தது அதுல தெரிஞ்ச பிம்பத்தை. இடம் வலம் மாறிடுச்சு. பெட்டியைச் சுவத்துலேர்ந்து நகர்த்தினதும் நேரா பாத்து எடுத்தேன், திசை சரியாச்சு, ஆனாலும் எல்லா அளவும் ஒரே பக்கமா 8 டிகிரி தள்ளியே வந்துச்சு. பெட்டி நின்ன மேசை சாய்வு. நான் சட்டத்து ஓரத்தைச் செங்குத்துன்னு வச்சு அளந்தேன், ஈ அளக்கிறது பூமி இழுக்கிற திசையை. கண்ணாடி மேல ஒரு நூல்ல நட்டு கட்டித் தொங்க விட்டேன், அதுக்கப்புறம் 20 ஆட்டத்தோட சராசரி தட்டு இருந்த திசைலேர்ந்து 3 டிகிரிதான் விலகுச்சு. 100 மீட்டர்ல கோடு சராசரி 70 ஃப்ரேம் ஓடுச்சு, 300ல 150 பக்கம். தட்டை நகர்த்தாமலே ரெண்டு மணி நேரம் கழிச்சுப் பாத்தா கோணம் மாறியிருந்துச்சு, சூரியன் நகர்ந்த அளவுக்கு ஈயும் மாத்தி ஆடுது. இருட்டுக் கூட்டுக்குள்ள. சூரியன் தலைக்கு நேர் மேல வர்ற நேரத்துல அளக்காதீங்க, நிமிஷத்துக்கு நிமிஷம் திசை ஓடும்.

ஒரு நாள் பாகு நல்லா வந்துக்கிட்டு இருக்கிறப்ப ஒரு பச்சை உடம்பெல்லாம் நடுங்கிக்கிட்டே முன்கால் ரெண்டையும் தூக்கி அடை முழுக்கத் தள்ளாடித் தள்ளாடி நடந்துச்சு. எங்கயோ விஷம் பட்டுடுச்சுன்னு பயந்து தட்டை எடுத்துட்டேன். அது விஷம் இல்ல. கொண்டு வந்த துளியை வாங்கிக்க ஆள் கிடைக்காம ரொம்ப நேரம் அலைஞ்ச ஈ அப்படி நடுங்கி நடக்கும், அதைப் பாத்து உள்ள இருக்கிறதுல கொஞ்சம் வாங்குற வேலைக்கு மாறும்னு தேனீ ஆராய்ச்சியாளர் தாமஸ் சீலி 1990கள் தொடக்கத்துல விளக்கியிருக்கார். வாங்க ஆள் எத்தனை பேர்னு யாரும் எண்ணிச் சொல்றதில்ல, காத்திருக்க வேண்டியிருந்துச்சா இல்லையாங்கிறதே செய்தி. அந்தச் சமயம் தட்டை எடுக்காம இருந்திருந்தா வாங்குற ஈ கூடுறதையும் எண்ணியிருப்பேன். இங்கதான் நம்பர் போடாததோட நஷ்டம் தெரிஞ்சுது: எந்த ஈ வேலை மாறுச்சுன்னு சொல்ல என்கிட்ட வழியில்ல, வயசு மட்டும்தான் தெரியும்.

இதே நாட்கள்ல ஜன்னல் மூலையில காகிதக் குளவி ஒண்ணு கூடு கட்டியிருந்துச்சு, ஒரு இருபது குளவி. தேனீயைப் பாத்த கண்ணால அதைப் பாத்தா ரொம்ப வித்தியாசம், உருவத்துல எது ராணின்னே சொல்ல முடியல. ராகவேந்திர கடக்கர்னு ஒரு ஆராய்ச்சியாளர் பெங்களூர்ல ரோப்பாலிடியா மார்ஜினேட்டாங்கிற குளவியில பல வருஷம் பாத்திருக்கார், அதுல ராணி சாதுவா ஒதுங்கி இருக்கும், அதை எடுத்துட்டா சில நிமிஷத்துலயே ஒரே ஒரு வேலைக்காரி மட்டும் ஆவேசமா மத்ததை விரட்ட ஆரம்பிக்கும், அதுதான் அடுத்த ராணி, மத்தது போட்டிக்கே வராது. யாரு அடுத்ததுன்னு நமக்கு முன்கூட்டித் தெரியாது, அதுங்களுக்குத் தெரியுது. குளவியில வேலைக்காரி நினைச்சா ராணியாகலாம், தேனீயில புழுவா இருந்த மூணு நாளைக்குள்ள அது முடிவாகிடுது. இந்த ரெண்டையும் பக்கத்துப் பக்கத்துல பாக்கக் கிடைச்சது எனக்கு அதிர்ஷ்டம்தான்.

55ஆவது நாள் வாக்குல கீழ் சட்டம் முழுக்க நிரம்பி, அடி ஓரத்துல ராணி அறைக்கு அடித்தளம் மாதிரி மூணு கிண்ணம் தெரிஞ்சுது. கூட்டம் பிரியப் போகுது, ரெண்டு சட்டத்துல இதுக்கு மேல வச்சிருக்கிறது நியாயம் இல்ல. அதான் நேத்து மாத்தினேன், பெரிய பெட்டியோட வாசலை அதே குழாய் இருந்த இடத்துல, அதே உயரத்துல வச்சேன், வெளிய இருந்து வர்றது குழம்பக் கூடாதுன்னு. இன்னைக்குக் காலைல 7 மணிக்கே மகரந்தம் வருது. வந்ததுல ஒண்ணு நீலப் புள்ளி, பொறந்து 46 நாள், றெக்கை ஓரம் எல்லாம் கிழிஞ்சிருக்கு.

அடுத்த பெட்டிக்கு அளவு எழுதியாச்சு. சட்டம் மூணு, அகலம் அதே 37, பெட்டி நடுவுல ஒரு அச்சு வச்சு முழுசா சுத்துற மாதிரி, அப்போ பின்பக்கத்தையும் நேரா பாக்கலாம், முகக்கண்ணாடி தேவையில்ல. நூல்குண்டு கண்ணாடியோடவே நிரந்தரமா. நம்பர் எழுதின சின்ன வட்டத் தகடு ஒட்டிப் பழகணும், முதல்ல செத்த ஈயில 50 ஒட்டிப் பாத்துட்டு அப்புறம்தான் உயிரோட இருக்கிறதுல. கண்ணாடி 4 மில்லிமீட்டர்தான், மரத்துக்கு மட்டும் பிளைவுட் வேண்டாம், ஈரத்துல ஒரு ஓரம் உப்பிடுச்சு.